மூச்சைக் கழித்தல்

நவம்பரில் உல்ம் நகரத்துக்குக் கோபுரம் கிடையாது.
நூற்று அறுபத்தொரு மீட்டர் கல்லையும்
டான்யூப்பின் மூடுபனி விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும்.
இரண்டாம் எண் டிராம் என்னைக்
கழுதைக்குன்றின் மேலே இறக்கிவிடுகிறது.
பெயரே அப்படித்தான்.
அதன் முதுகில் ஒரு பல்கலைக்கழகத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

வெளியே இத்தனை ஈரம். உள்ளே
ஈரத்தை விரட்டுவதுதான் என் வேலை.
காய்ந்த காற்றைப் பெட்டிக்குள் ஓடவிட்டு
ஒரு மணி நேரம் காத்திருப்பேன்.
நீராவி பொல்லாத சாட்சி;
கேட்காத கேள்விக்கெல்லாம்
முள்முள்ளாய்ப் பதில் எழுதும்.

உணரிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறேன்.
வெண்புகை என் செருப்பை மோந்துவிட்டுப் போகிறது.
சுண்டுவிரல் நகமளவு பிளாட்டினத்தைக்
கால்சியம் புளோரைடு ஜன்னலோடு அழுத்துகிறேன்.
நடுவில், தலைமுடியின் தடிமனில்
பத்திலொரு பங்கு தண்ணீர்,
அதில் கொஞ்சம் அமிலம், கொஞ்சம் சாராயம்.
(எத்தனால் என்று எழுதினால் மரியாதை.)

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது.
அது போய் உலோகத்தில் முட்டித் திரும்பும்போது
யார் யார் அங்கே குந்தியிருக்கிறார்கள் என்று
குறைந்துபோன வெளிச்சத்தால் சொல்லும்.
கோள்சொல்லிதான். ஆனால் பொய் சொல்லாது
என்று நம்பியிருந்தேன்.

முதலில் வருவது கார்பன் மோனாக்சைடு.
பிளாட்டினத்தின் மேல் செங்குத்தாய் நின்று
இரண்டாயிரத்து எழுபதில் அதிரும்.
மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட
அதன் சுருதி மெல்ல ஏறும்,
யாரோ பிருடையைத் திருகுவதுபோல.
நஞ்சு அது. வாடகை தராத குடித்தனக்காரன்;
உட்கார்ந்த இடத்தை விடாது.

எங்களுக்கு வேண்டியது வேறு.
இரண்டு கார்பன்கள் கோத்திருக்கும் கை உடைந்து
முற்றாய் எரிந்து
கார்பன் டை ஆக்சைடாய் வெளிவர வேண்டும்.
இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பத்து மூன்று.
வீட்டுக் கதவெண் மறந்தாலும் இது மறக்காது.

இப்போதைய நிறமாலையிலிருந்து
முன்பு எடுத்ததைக் கழிக்க வேண்டும்.
மாறாதது மறையும்; மாறியது மட்டும் மிஞ்சும்.
ஊர்விட்டு ஊர் வந்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி அது வந்தது.
கீழ்நோக்கி இறங்கிய நெடிய அழகான கூம்பு.
பேராசிரியர் ராம்ஸ்பெர்கர் அதைப்
புவாட்டியே மாநாட்டுப் படத்தில் ஒட்டிவிட்டார்.
மூன்று வாரம் நான் காப்பிக்குக் காசு கொடுக்கவில்லை.

வீப்கேதான் கேட்டாள், ரொட்டியை மென்றுகொண்டே:
"அளக்கும்போது நீ எங்கே நிற்பாய்?"
பெட்டிக்குப் பக்கத்தில். குனிந்து.
"மூச்சு விடுவாயா?"

கூம்பின் தோளில் ஒரு சிறு சாய்வு இருந்தது.
பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன்.
காற்றில் உள்ளதற்கு இரட்டைத் திமில்,
நீரில் கரைந்ததற்கு ஒற்றை என்று
மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நானேதான்.

என் சம்பளத்தில் பாதி விலைக்கு ஒரு குப்பி வாங்கினோம்.
கனத்த கார்பனால் ஆன சாராயம்.
உலோகத்தில் பிறந்ததென்றால்
இரண்டாயிரத்து இருநூற்று எழுபத்தெட்டுக்கு நகரும்.
என் நுரையீரலில் பிறந்ததென்றால்
இருந்த இடத்திலேயே இருக்கும்.

இருந்தது.
பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு கீறல்.
அன்று அரை மணி நேரம்
வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
வெட்கத்திலா சோதனைக்காகவா தெரியவில்லை.

வளையத்தை மாற்றினோம்.
அறைக்கு வெளியிலிருந்து வீப்கே கணினியை இயக்கினாள்.
நானூறு முறை அளந்து சராசரி எடுத்தோம்.
இரைச்சலின் புல்லுக்குள்ளே
இரண்டாயிரத்து இருநூற்று எழுபத்தெட்டில்
ஒரு சின்னக் குழி.
முந்தையதில் இருபதில் ஒரு பங்கு.
கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ராம்ஸ்பெர்கருக்கு இன்னும் எழுதவில்லை.
டிராம் நிறுத்தத்தில் நானும் வீப்கேயும்
ஆளுக்கொரு மேகம் விட்டுக்கொண்டு நிற்கிறோம்.
எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.
குப்பியில் எவ்வளவு மிச்சம் என்கிறாள்.
இரண்டு மில்லி.
"நாளைக்கு ஏழு மணிக்கு," என்கிறாள்,
"மூச்சை வெளியே விட்டுவிட்டு வா."